ஆறு நட்டு

கீழக்கரையில் கச்சான் காற்றுக்கு மூன்றாம் நாள்.
மோரிஸ் மைனரின் பானெட்டைத் தூக்கி
விறகுக் கட்டையால் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
மேனிஃபோல்டின் பழைய நட்டுகளில் ஐந்து கழன்றன.
ஆறாவது ஸ்டட்டோடு முறிந்தது.
மிச்சத்தைக் குடைந்தெடுக்க அரை நாள்,
இரண்டு டிரில் பிட்,
வாப்பா காதில் விழாத ஒரு கெட்ட வார்த்தை.

விரித்த செய்தித்தாளில் மூன்று குவியல்.
எல்லாம் இரண்டரை நூல், நெருக்க மரை.
இரும்பு, கடைக்காரர் எண்ணாமல் அள்ளிப் போட்டது;
ஒரு ஐப்பசி தாண்டினால்
எது நட்டு எது ஸ்டட் என்று அதற்கே தெரியாது.
எவர்சில்வர், கல்யாணச் சீர் போல மினுக்குகிறது.
துரு அண்டாது. ஆனால் சூடேறினால்
சொந்த இனத்தின் மரையையே கவ்விக்கொள்ளும்.

பாம்பனில் படகு எஞ்சின் பார்க்கும் பெலவேந்திரன்
போனில் கத்தினான், பின்னால் அலை:
"பித்தளை போடு ஜுலைகா, நீளமா இருக்கறதா.
கெட்டா நட்டு கெடட்டும். ஸ்டட் கெடக் கூடாது."

அபுதாபியிலிருந்து தம்பி படம் பார்த்துக் கேட்கிறான்:
"தங்கமாட்டம் இருக்கே. நிரந்தரமா நிக்குமா?"
கழலுமா என்று பார்த்துத்தான் வாங்கினேன்,
அவனிடம் சொல்லவில்லை.
எனக்குப் பிறகு இந்த பானெட்டைத் திறப்பவர்
யாரோ, எந்த ஊரோ,
அந்தக் கைக்கு அரை நாள் மிச்சம்.

ஏர்வாடி வரை ஓட்டித் திரும்பி, ஆறவிட்டு,
மறுபடி ஸ்பேனர் வைத்தேன்.
ஐந்து அசையவில்லை.
நாலாவது மட்டும் கால் சுற்று கேட்டது.

முறிந்த பழையதை
ஏனென்று தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.