சிவப்பு விளக்கில் மட்டும்

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
நின்றால்தான் நடுக்கம்.
ரியோனிப் பாலத்துச் சிக்னலில் சிவப்பு விழுந்ததும்
ஸ்டியரிங் என் மணிக்கட்டுக்குள் புகுந்து உதறும்.
பின்சீட்டில் தெக்லாவின் பென்சில் டப்பா
தானாகப் பேசத் தொடங்கும்.

பத்தொன்பது வருடத்து ஓப்பல், ஏழு பேர் உட்காரலாம்.
இப்போது இரண்டு பேர்.
குத்தாயிசி நீதிமன்றம் வீட்டைப் பிரித்தது,
பிள்ளையின் நாட்களைப் பிரித்தது,
வண்டியைப் பிரிக்க மட்டும் வழி தெரியாமல்
எங்களிடமே விட்டது.
ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவ்தாந்திலுக்கு.
வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சாவி கைமாறும்.
பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தவிர
வேறு பேச்சு கிடையாது.

அவன்தான் கெடுத்திருக்கிறான்.
மலிவுப் பெட்ரோல். எப்போதும் கிளட்ச்சின் மேல் ஒரு கால்.
மூன்று மாதமாய் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
வாய் திறக்காமல் அவனை வைதேன்.
அவனும் வைதிருப்பான், என்னை,
அதே விளக்கில், அடுத்த வாரம்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன்.
நான்கும் இளம்பழுப்பு, சொல்லி வைத்தாற்போல் ஒரே நிறம்.
நல்ல பிளக்குகள். இருந்தும் மாற்றினேன், கோபத்தில்.
த்ராட்டில் வாயில் அப்பியிருந்த கரியைத்
துணி கறுக்கக் கறுக்கத் துடைத்தேன்.
இரண்டு நாள் அடங்கிக் கிடந்தது.
மூன்றாம் நாள் அதே சிக்னல், அதே பென்சில் டப்பா.

மெக்கானிக் பெசாரியோன் போனிலேயே சிரித்தார்:
"கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், நூற்றிருபது லரி.
அதற்கு முன்னால் ஒன்று செய்.
எங்காவது கள்ளக்காற்று புகுகிறதா என்று பார்."

ஞாயிறு. மழை விட்ட முற்றம்.
டிரைவர் சீட்டில் தெக்லா.
"காலை எதிலும் வைக்காதே. முள்ளைப் பார். எண்ணைச் சொல்."
இன்ஜின் சூடேறுவதற்குள்
கார்புரேட்டர் ஸ்பிரேயை ஒவ்வொரு இணைப்பிலும்
பொட்டுப் பொட்டாக அடித்தேன்.
"அறுநூற்றைம்பது."
அடுத்த இணைப்பு.
"எழுநூறு. இல்லை, அறுநூறு. அம்மா, ஆடுகிறது."
இன்னும் கீழே, கை நுழைய மறுக்கும் இருட்டில்
குத்துமதிப்பாக ஒரு பீய்ச்சல்.
"ஆயிரத்து நூறு!"
அவள் கத்தியதில் மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது.

இன்ஜினை அணைத்து, காத்திருந்து,
கையை விட்டேன், முழங்கைத் தோல் உரிய.
ரப்பர் குழாய். அதன் அடிப்புறம்,
கண்ணாடி பிடித்தால் மட்டுமே தெரியும் இடத்தில்,
பிசுபிசுப்பாய் ஏதோ சுற்றியிருந்தது.
இழுத்தேன். வந்தது.

பிளாஸ்திரி.
கடைப் பிளாஸ்திரி இல்லை. எங்கள் வார்டுப் பிளாஸ்திரி,
ஓரம் வெட்டாமல் பல்லால் கிழித்தது.
அப்படிக் கிழிப்பது நான்.

ரிக்கோத்திக் கணவாய் இறக்கம். ஆறு வருடம் முன்பு.
ஷ்ரோஷாவில் மண்சாடிக் கடைகளுக்கு எதிரே
புஸ்ஸென்று நின்றுபோன வண்டி.
அவன் டார்ச் பிடித்தான்.
ஐந்து வயது தெக்லா அவன் தோளில் தூங்கினாள்.
நான்கு சுற்றுச் சுற்றி, "வீடு வரைக்கும் தாங்கும்" என்றேன்.
வீடு வந்தது.
பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை.

புதுக் குழாய் ஏழு லரி.
கிளிப் இரண்டு, கடைக்காரர் சும்மா கொடுத்தார்.
முள் எண்ணூறில் போய் உட்கார்ந்தது.
பென்சில் டப்பாவைத் தெக்லா காதருகே வைத்துப் பார்த்தாள்.
வாயே திறக்கவில்லை அது.

வெள்ளிக்கிழமை, ஆறு மணி.
சாவியைத் திருப்பிய அவ்தாந்தில்
கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் கேட்டான்.
"என்ன ஆச்சு?"
"ஒரு குழாய்."
"என் தப்பா?"
தெக்லா என்னைப் பார்த்தாள்.
கோட்டுப் பைக்குள் விரல்களில் ஒட்டியது பிளாஸ்திரி.
"பெட்ரோல் பாதி இருக்கிறது" என்றேன்.

முனை சிக்னலில் சிவப்பு.
பால்கனியில் நின்று கேட்கிறேன்:
வண்டி அங்கேதான் நிற்கிறது,
சத்தமே இல்லை.
பச்சை விழுவதற்குள் போனை எடுத்து
'இல்லை' என்று ஒரு சொல் தட்டினேன்.
எந்தக் கேள்விக்கு என்று
அவனுக்குப் புரிகிறதோ என்னவோ.