காலி எடை

ஒரு பாட்டுக்குப் பதினோரு மாதம் உழைத்தேன்.
ஈப்போவிலிருந்து வயலின்காரர் இருவர்,
அவர்களுக்குச் சாப்பாடு, பெட்ரோல், டோல்.
வரிக்கு வரி எதுகை.
சரணத்தில் ஓரிடம் குரல் உடையவேண்டும் என்று
நாற்பது முறை உடைத்துப் பார்த்தேன்.
இதுவரை அது ஓடியது
மூவாயிரத்துப் பன்னிரண்டு தடவை.
அதில் அறுநூறு என் அத்தைமகன் துவாரகேஷ்,
தொலைபேசியை ஓடவிட்டுத் தூங்குகிறவன்.

ஏழு லட்சம் தாண்டியது வேறொன்று.

அது பாட்டே இல்லை.
கோலா கெட்டில் கடைவீதியில்
டயர் கடைக்கு மேலே லோகேந்திரனின் அறை.
"மைக் பார்க்கணும், ஏதாவது பேசு" என்றான்.
பேச என்ன இருக்கிறது எனக்கு?
காலை ஏழிலிருந்து ஆலை வாசலில்
தராசுமேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலையோடு ஏறும் லோரிக்கு ஒரு சீட்டு,
கொட்டிவிட்டுத் திரும்பும் அதே லோரிக்கு இன்னொன்று.
வாயில் வந்தது அதுதான்:

நெறஞ்சு வந்தே
எறக்கிட்டுப் போறே
ரெண்டு தடவையும்
நான்தான் நிறுத்தேன்

நடுவில் ஓர் இருமல்.
தகரத்தில் மழை.
கீழே யாரோ பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கேட்கிறார்.
ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.
தொகுப்புக்கு ஏழு பாட்டு வேண்டும்,
எங்களிடம் ஆறுதான் இருந்தது.

பிறகு கடிதங்கள்.
குளுவாங்கில் ஒருத்தி, விவாகரத்து முடிந்த அன்று
நீதிமன்றக் கார்நிறுத்தத்தில் கேட்டாளாம்.
ஒருவர் மகனை விமானமேற்றிவிட்டுத் திரும்பும் வழியில்.
'நிறுத்தேன்' என்றால் எடைபோட்டேன் என்பது ஒரு கட்சி,
தடுக்கமாட்டேன் என்பது மறு கட்சி;
இரண்டுக்கும் இலக்கணம் இருக்கிறது,
இரண்டு கட்சியும் என்னிடம் கேட்கவில்லை.
லோரி என்று நானே சொன்னேன்.
அவ்வளவு தன்னடக்கம் வேண்டாம் என்றார்கள்.

சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண மண்டபம்.
வயலின் பாட்டை ஆரம்பித்தேன்.
பிரியாணிக்கு எழுந்தார்கள்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அந்த நெறஞ்சு வந்தே!"
எனக்கு அது தெரியாது.
இரண்டாவது முறை நான் அதைப் பாடியதே இல்லை.
கைகழுவும் தொட்டியருகில் நின்று
காதில் ஒயரை மாட்டிக்கொண்டு
எவளோ பாடியதைப்போல மனப்பாடம் செய்தேன்.

மேடையில் இருமலை விட்டுவிட்டேன்.
மண்டபமே எனக்காக இருமியது.

அன்றிரவு வயலின் பாட்டை மறுபடி போட்டேன்.
நல்ல பாட்டுதான், இன்னும் சொல்வேன்.
ஆனால் அதில் எல்லா நாற்காலியிலும்
நானே உட்கார்ந்திருந்தேன்.

முதல் முறை வந்த காசில்
கீழ்க்கடையில் என் மோட்டார்சைக்கிளுக்கு
இரண்டு டயரும் மாற்றினேன்.
ஸ்பேனர் கேட்டவருக்கு ஒரு பங்கு தரலாம் என்றான் லோகேந்திரன்.
பாதி விளையாட்டாகத்தான்.

நேற்று ஜம்ரியின் லோரி வந்தது.
கண்ணாடியை இறக்கியிருந்தான், உள்ளே என் குரல்.
பாலிங் பக்கத்து ஆள், தமிழில் 'தம்பி' மட்டும் தெரியும்.
"காதல் பாட்டா இது?" என்றான் மலாயில்.
"உன் லோரியைப் பற்றியது."
சிரித்தான். சீட்டை வாங்கினான்.
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ.

முக்கால் மணி கழித்துத் திரும்பினான், அதே பாட்டோடு.
இருமல் வரும் இடத்தில்
ஹார்னை ஒருமுறை தட்டினான்.
காலி எடை ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது,
ஓடிக்கொண்டிருந்த பாட்டையும் சேர்த்து.