துக்காசித்தா

பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் என்றார்கள்.
பதினொன்று ஐம்பதுக்கே எடைமேடை அறையில்
அடையாள அட்டை எண்ணைத் தட்டிவிட்டுக்
கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஏழு லாரிகள்.
செம்பனைக் குலைகளின் புளித்த வாடை
ஏர்கண்டிஷனுக்குள்ளும் புகுந்துவிடும் பகாவ் வெயில்.

பிறகு அந்தச் சொல்.
துக்காசித்தா.
மலாய்க் கட்டுரைத்தாளில் எத்தனையோ முறை
நானே எழுதி மதிப்பெண் வாங்கிய சொல்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது,
அதற்குள் நம்முடைய துக்கம் இருப்பது.
எந்த நூற்றாண்டில் எந்தக் கப்பல் ஏறியதோ,
எனக்கு முன்பே இங்கு வந்து இறங்கி
குடியுரிமை வாங்கி
அரசாங்க உத்தியோகமும் பார்க்கிறது.

கோலாலம்பூர் வளாகத்தில் இடமில்லை.
கீழே இன்னொரு வரி:
அதே பாடம், அதே பல்கலைக்கழகம்,
கடல் தாண்டி, சபாவில்.
பத்து நாளுக்குள் பதில் வேண்டும்.

எங்கே ரயில் ஏறி எங்கே மாற வேண்டும்,
எந்த வாசலில் வெளியே வந்தால்
நூலகம் பக்கத்தில் என்று
வரைபடம் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன்.
இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.
அந்த அறிவை வைத்துக்கொண்டு
என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட்.
'என்னாச்சு' என்று நான்கு முறை அனுப்பியிருந்தாள்.
லைன் இல்லை என்று பதில் போட்டேன்,
அதே லைனில்.

என் வேலை, திருப்பி அனுப்பும் குலைகளுக்குச் சீட்டு எழுதுவது.
ருஸ்லான் காலால் புரட்டிப் பார்த்து விரல் காட்டுவார்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதுவேன்:
மெந்தா. காய்.
மூன்று மாதமாக யோசிக்காமல் எழுதியது.
என் கடிதத்தில் அந்தக் கட்டமே இல்லை.

அன்று மாலை லிம்மின் லாரிக்கு எழுதினேன்:
ஐந்து குலைகள், இன்னும் பழுக்கவில்லை.
மரத்தில் நாலு நாள் விட்டிருந்தால் எடுத்திருப்போம்.
உங்கள் மற்ற குலைகள் நன்றாக இருந்தன.
லிம் சீட்டை இரண்டு முறை படித்தார்,
பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.
அபராதமா என்று கேட்டார்.

ஹேமாஷினிக்குக் கிடைத்துவிட்டது.
போனில் எனக்காக என்னைவிட அதிகமாக அழுதாள்.
என்னைவிட அவளுக்குப் புள்ளி குறைவு.
இதை எழுதக்கூடாது.
எழுதிவிட்டேன்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:
"ஹாஸ்டலுக்கு வாளி வாங்கினியே, எந்தக் கடை?"
மறந்துபோச்சு என்றேன்.

மறக்கவில்லை.
பசார் மாலாமில் கடைசிக் கடை, நீல வாளி.
அதற்குள் ஒரு மங்கு, ரப்பர் செருப்பு,
துணி கிளிப்புகள் ஒரு பாக்கெட்.
கட்டிலுக்கடியில் இரண்டு வாரமாக
என்னைவிட நிச்சயமாகக் காத்திருந்தது.

இரவு தாமானில் தண்ணீர் நின்றுவிட்டது.
ஒன்பது மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது.
எல்லா வீட்டிலிருந்தும் பெயிண்ட் டப்பா, ரொட்டி டின்,
குழந்தை குளிக்கும் தொட்டிகூட வந்தது.
கிளிப்புகளையும் செருப்பையும் கட்டிலில் கொட்டிவிட்டு
நானும் போய் வரிசையில் நின்றேன்.
புது வாளி. கைப்பிடி கிரீச்சிட்டது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
தண்ணீர்தான் அன்றைய செய்தி.

பதினொன்றரைக்கு அம்மா வந்தாள்.
கையுறை மாவு படிந்த முழங்கையோடு
பின்கட்டில் குனிந்து முகம் கழுவினாள்.
இரண்டு மங்கு ஊற்றியதும்
வாளியின் விலைச்சீட்டு கண்ணில் பட்டது.
நகத்தால் சுரண்டினாள். பாதி வந்தது.

"எங்க?"
"சபா."
முந்தானையில் முகம் துடைத்தாள்.
நீண்ட நேரம் துடைத்தாள்.
பிறகு வாளியைக் காலால் மெல்லத் தள்ளி,
"பிளேன்ல இத விடுவானா?" என்றாள்.

தெரியாது என்றேன். இது உண்மை.

இன்னும் பத்து நாள் இருந்தது.
கட்டிலில் கிடந்த கிளிப்புகளை எண்ணினேன்.
இருபத்து மூன்று.
அட்டையில் இருபத்து நான்கு என்று போட்டிருந்தது.
கட்டிலுக்கடியில் தேடினேன், வாளியிலும் தேடினேன்.
விற்கும்போதே ஒன்று குறைத்திருக்கிறான்.