சேதாரம், செய்கூலி

கடைக்குப் பெயர் வைத்தாயிற்று.
முப்பத்தொரு படம் ஏற்றியாயிற்று.
இனி விலைதான்.
ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வெள்ளைக் கட்டம்,
உள்ளே ரூபாய்க் குறி,
பக்கத்தில் கண்சிமிட்டிக்கொண்டு ஒரு கோடு.

அஸ்தம்பட்டி மாடி வீடு, இரவு பதினொன்றரை.
மலை இருக்கும் திசையில்
விளக்குகள் மட்டும் வளைந்து வளைந்து ஏறுகின்றன.
எல்லாம் அங்கே எடுத்தவை.
அங்கே யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை,
வண்டி நிறுத்திய முப்பது ரூபாய் தவிர.

முதலில் தெரிந்த கணக்கு.
ஐந்து ரோடு லேபில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு
நூற்றுப் பத்து.
சுருட்டி அனுப்பும் அட்டைக் குழாய் முப்பத்தைந்து.
கூரியர் எழுபது;
மாநிலம் தாண்டினால் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.
பணம் வாங்கித் தருகிற கம்பெனிக்கு நூற்றுக்கு இரண்டு.
கூட்டிப் பார்த்தால்
காகிதத்துக்கு விலை வருகிறது.
படத்துக்கு வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை சௌடேஸ்வரிக்கு போன் போட்டேன்.
இரண்டு வருடமாய் ஆன்லைனில் கொலுசு விற்கிறாள்.
“இதிலென்னடி குழப்பம்?
அன்னிக்கு வெள்ளி விலை, எடை,
சேதாரம், செய்கூலி. அவ்வளவுதான்.”
என் சரக்குக்கு எடை கிடையாதே என்றேன்.
“அப்போ சேதாரத்திலிருந்து ஆரம்பி”
என்று கொட்டாவி விட்டாள்.

கிளியூர் அருவி:
நூற்று நாற்பது எடுத்து ஒன்று தேறியது.
லென்ஸ் மூடி பாறையிடுக்கில் போனது.

நாகலூர் மிளகுக் கொடி:
ஏணி மேலிருந்த அம்மாள்
“இறங்கட்டுமா, இருக்கட்டுமா” என்று கேட்டுவிட்டு
இருந்தார்,
நான் போதும் என்கிற வரை.
அந்த நேரம் யாருடைய செய்கூலி?
எந்த வரியில் எழுதுவது?

பகோடா பாயின்ட், விடிகாலை:
மேகம் தவிர எதுவும் தெரியாத படம்.
நாலு மணிக்கு எழுந்தது, இரண்டு நாள் தும்மல்,
ஒரு அட்டை மாத்திரை.
மூவாயிரத்து இருநூறு போட்டேன். அழித்தேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு. அழித்தேன்.
ஒன்றுமே இல்லாததற்குத்தான்
அதிகம் கேட்கத் தோன்றுகிறது.
மறுபடி மூவாயிரத்து இருநூறு.

“மேலே ஐயாயிரம்னு போட்டு அடிச்சு விடு,
தொண்ணூத்தொம்பதுல முடி” என்று
மறுநாள் செய்தி அனுப்பினாள்.
ஒருநாளும் ஐயாயிரத்துக்கு விற்காததை
எதற்கு அடிப்பது?
தொண்ணூற்றொன்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக, பதினாலாவது கொண்டை ஊசி.
வளைவில் மேகம் இறங்கி அழகாய் வந்த நேரம்
குறுக்கே ஒரு சிவப்பு லாரி.
அழித்துப் பார்த்தேன்; நிழல் மிச்சம் நின்றது.
லாரியைத் திரும்ப வைத்தேன்.
சின்ன அளவு மட்டும், நூற்று நாற்பத்தொன்பது.
வெட்கத்துக்கு வைத்த விலை.

ஆறு நாள் கடையில் ஈ ஓட்டினேன்.
ஏழாம் நாள் அர்த்தனாரி என்று ஒருவர், சங்ககிரி,
அந்தப் படத்தைத்தான் வாங்கினார்.
கீழே ஒரு குறிப்பு:
“அது என் வண்டி மேடம். நம்பர் தெரியலை.
பெரிய சைஸ் போட்டால் தெரியுமா? எவ்வளவு ஆகும்?”

பெரிய அளவுக்கு விலையே வைக்கவில்லை.
படத்தைத் திறந்து
இருநூறு மடங்கு, நானூறு மடங்கு விரித்தேன்.
நம்பர் பலகையில் சேறும் மேகமும்,
சாம்பல் நிறத்தில் நாலு புள்ளி.
ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை.
உள்ளங்கை மேலே பார்த்து,
மழையா என்று கேட்பது போல நீட்டியிருந்தது.
இதையும் சேர்த்துத்தானே
அன்றைக்கு அழித்துப் பார்த்தேன்.

நம்பர் தெரியாது, கை தெரியும் என்று
பதில் எழுதி, விலைக்கு வந்து நின்றேன்.
கோடு கண்சிமிட்டியது.
வெறும் கட்டத்தோடு அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து:
“இடது பக்கம்னா கிளீனர் கை மேடம்.
எப்பவும் அப்படித்தான் நீட்டுவான், திட்டியும் கேட்க மாட்டான்.
பரவாயில்லை.
ரெண்டு காப்பியா எவ்வளவுன்னு சொல்லுங்க.”