பதினேழு மாங்கன்று

டிப்போவில் வண்டியைப் போட்டுவிட்டு
பன்னர்கட்டா தாண்டி வந்து சேர
இரவு பன்னிரண்டே கால்.
எஸ்தர் டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினேழு, என்றாள்.
நேற்று பதினொன்று.

இரண்டு வருஷத்து மல்கோவா.
இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்து
உள்ளே வெளுப்பு, ஈரம்.
விரல் வைத்தால் வழுக்கியது.
தின்ன வந்ததில்லை; கொம்பு தினவெடுத்து
உரசிவிட்டுப் போயிருக்கிறது.
அவரைக்கொடியைத்தான் தின்றது.
தின்றதைக்கூட மன்னிக்கலாம்.

தங்கவயலில் சுரங்கம் மூடியபோது
அப்பா கையில் கொடுத்த பணம்
இந்த ஒன்றரை ஏக்கர்.

ஊரில் இதற்குப் பேர் கடவெ.
எங்கள் வாயில் கடமான்.
எந்தப் பேர் சொல்லித் திட்டினாலும்
காதை மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டு
நின்ற இடத்தில் நிற்கும்.

சிவப்பு சோப்பைக் கயிற்றில் கோத்துக் கட்டச் சொன்னார்கள்.
கட்டினோம். அணில் கொறித்தது.
அழுகிய முட்டையைக் கரைத்துத் தெளித்தோம்;
மூன்று நாள் நாங்கள்தான் சாப்பிடவில்லை.
கல்யாணப் புடவை தவிர
எஸ்தரின் புடவையெல்லாம் வேலியில் ஏறிவிட்டது.
பக்கத்து நிலத்து முனிவெங்கடப்பா
மிருகக்காட்சிசாலையில் தெரிந்த ஆள் இருக்கிறான்,
புலிச்சாணம் கிலோ இருநூறு என்றார்.
வாங்கினோம். வைக்கோல் வாசம் அடித்தது.
புலி வைக்கோல் தின்னுமா என்று
நான் கேட்கவில்லை.

அவரேதான் ஒரு சாயங்காலம்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
பம்ப்செட்டிலிருந்து ஒரு வயர்.
ராத்திரி மட்டும். காலையில் சுருட்டிவிடலாம்.
எஸ்தர் என்னைப் பார்த்தாள்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
விடியுமுன் பால் கேனோடு
அந்த வரப்பில் போகிறவள் அவர் மகள்.
அதை நாங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ரேஞ்ச் ஆபீசில் படிவம் நான்கு பக்கம்.
பஹணி நகல், சர்வே நம்பர், பாஸ்புக்,
சேதம் செய்த மிருகத்தின் பெயர்.
யானைக்குத் தனிக் கட்டம், பன்றிக்குத் தனிக் கட்டம்.
கடவெ 'இதர'வில் வரும்.
கிளார்க் சைலஜா நல்ல மாதிரி.
அதுதான் செய்தது என்பதற்கு என்ன ஆதாரம், என்றாள்.
குளம்படி?
மழையில் போயிருக்குமே.
புழுக்கை?
ஆட்டுடையது என்பார்கள்.
அப்புறம், காய்க்கிற மரத்துக்குத்தான் சார் மதிப்பு.
காய்க்க விட்டால்தானே என்று
தமிழில் முணுமுணுத்தேன்.
சிரித்துவிட்டாள். தமிழ் தெரிந்திருக்கிறது.

செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி
எஸ்தர் கட்டுப் போட்டாள்.
ஆறு பிழைத்தது.
அரக்குத் துணி எங்கிருந்து வந்தது என்றும்
நான் கேட்கவில்லை.

மார்ச்சில், தண்ணீர் பாய்ச்சும்போது
ஒன்பதாவது கன்றடியில் கிடந்தது கொம்பு.
ஒற்றை. மூன்று கிளை.
அடிவட்டத்தில் காய்ந்த ரத்தம்,
கிளையிடுக்கில் மாம்பிசின் கறை.
இதைவிட ஆதாரம் ஏது?
கோணிப்பையில் சுற்றி எடுத்துப் போனேன்.
சைலஜா பையைத் திறந்தாள், மூடினாள்,
எழுந்து போய்க் கதவையும் சாத்தினாள்.
இதை வைத்திருந்தாலே கேஸ்.
எதில் கொண்டு வந்தீர்கள்?
என் பஸ்ஸில்தான். சீட்டுக்கு அடியில்.
எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள் சார்,
நான் எதையும் பார்க்கவில்லை.

போட்டுவிட்டேன்.
எலி கொறிக்கத் தொடங்கியிருக்கிறது.
படிவம் அலமாரியில், கையெழுத்தோடு.

ஏப்ரலில் ஒரு கடைசி டிரிப்.
காலி வண்டி, கண்டக்டர் தூக்கத்தில்.
வளைவில் ஹெட்லைட்டுக்குள் நின்றது அது.
தலையில் ஒன்றுமில்லை,
கொம்பிருந்த இடத்தில் இரண்டு தழும்பு.
ஹாரனில் கை வைத்தேன். அழுத்தவில்லை.
பதினேழு, என்றேன் கண்ணாடிக்குள்ளிருந்து.
காதைத் திருப்பிக் கேட்டது.
பிறகு மெதுவாகச் சாலையைக் கடந்தது,
என் நிலம் இருக்கிற பக்கமாக.