கீலில் ஓர் எண்

முதலில் வாங்கியது இருபது மடங்கு.
ராமநாதபுரம் வண்டிக்காரத் தெருவில்
குடைக்கும் டார்ச்சுக்கும் நடுவே தொங்கியது.
எண் பெரிதானால் வானமும் பெரிதாகும் என்று நினைத்தேன்.
வாலிநோக்கம் வந்து வியாழனைப் பிடித்தால்
அது எண்ணெய்ச் சட்டியில் விழுந்த கடுகு.
மூச்சு விட்டால் துள்ளியது.
அடக்கினால் நெஞ்சு அடிக்கிற கணக்கில் துள்ளியது.
எனக்குள் ஒன்று இவ்வளவு ஓயாமல் ஆடுகிறதென்று
அறுநூற்றைம்பது ரூபாய்க்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது, இங்கே கப்பல் உடைத்த காலத்துப் பைனாகுலர்.
ஹபீப் முகம்மது கிடங்கின் அடியிலிருந்து எடுத்தார்.
ஏழுக்கு ஐம்பது. செங்கல் கனம்.
எவன் பிடித்த பிடியோ,
வலப்பக்க ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.
இந்த முறை ஏமாறவில்லை.
கைநீளம் தள்ளிப் பிடித்துப்
பகல் வெளிச்சத்துக்கு நேரே காட்டினேன்:
மிளகைவிடப் பெரிதாக, சுண்டைக்காயைவிடச் சிறிதாக
இரண்டு வெள்ளை வட்டங்கள். ஓரம் எங்கும் வெட்டுப்படவில்லை.
தூரத்து மின்கம்பமும் ஒரே கம்பமாகத்தான் நின்றது.
"ஏழுதான் இது. பத்து ஒண்ணு கிடக்கு, பாக்குறீகளா?"
ஏழு போதும் பாய்,
என் கைக்கு ஏழுதான் நிற்கும்.

உப்பள எடைமேடையில் எழுத்து வேலை எனக்கு,
மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை.
எடைகாட்டும் சிவப்பு எண்கள் கண்ணைக் கெடுப்பதில்லை.
கெடுப்பது லாரியின் முகவிளக்கு.
ஒரு லாரி வந்து போனால்
சேர்த்துவைத்த இருட்டு இருபது நிமிடம் பாழ்.
கண் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
பங்குனியில் கார்த்திகை மேற்கே இறங்குமுன்
பதினெட்டு வரை எண்ணினேன்.
பத்தொன்பதாவது, தூத்துக்குடிக்குப் பதினாறு டன்.

கண்ணாடியில் உப்பு படியும். துணி தொடக் கூடாது,
ஒரு பரல் போதும், ஆயுளுக்கும் கீறல்.
ஊத வேண்டும். பிறகும் ஊத வேண்டும்.
அப்புறம் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன்.

ஒரு மாலை எடுத்தபோது கீல் ஐம்பத்தெட்டில் இருந்தது.
என் கண்களுக்கு அறுபத்தாறு.
வலது வளையமும் எங்கோ இடப்பக்கம் திரும்பியிருந்தது.
மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.
யாரோ நெருக்கமான கண்காரர்,
வலக்கண் கொஞ்சம் மங்கல்,
என் நேரம் முடிந்த பிறகு பார்க்கிறார்.
கண்ணாடியில் கைரேகை இல்லை.
ஊதியிருக்கிறார்.

நான்காம் நாள் இரண்டு மணிக்குப் பிறகும் இருந்தேன்.
மூன்று மணிக்குப் பூமயில் வந்தாள்,
வெயிலுக்கு முன் பாத்தி முடிக்கிற கூட்டத்தில் முதல் ஆள்.
என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.
உறையைக் கழற்றினாள், கீலை மடக்கினாள்,
வாருபலகையைத் தலைகீழாக ஊன்றி
மேலே வந்த பலகை விளிம்பில் பைனாகுலரை வைத்தாள்.
ஆடவே இல்லை.
இத்தனை மாதம் முழங்கையை விலாவில் அழுத்தி
நான் பட்ட பாடு.
என் எதிரிலேயே இருபது பலகை சாத்தியிருந்தன.

"தேளோட கொடுக்குக்குக் கிட்ட
கூடையிலிருந்து சிந்துன மாதிரி கிடக்கே, அது என்ன?"
மீன் கூட்டம் என்றேன். பெயர் தெரியாது.
"தெக்கே ஒண்ணு பஞ்சாட்டம். கூர்மையே ஆக மாட்டேங்குது.
என் கண்ணா, இந்தச் சாமானா?"
வாங்கிப் பார்த்தேன். அவள் அளவில் எனக்கு
இரண்டு பாதி வானம்.
கீலை விரித்தேன். பஞ்சுதான்.
பலகையில் வைத்தும் பஞ்சுதான்.
"அப்ப அதோட குணம்" என்றாள்,
பலகையைப் பிடுங்கிக்கொண்டு பாத்திக்குப் போனாள்.

போகிற போக்கில்
"உங்களுக்கு மூஞ்சி ரொம்ப அகலம்.
தினம் மடக்கி மடக்கி எனக்கு விரல் நோவுது."

இப்போது ஆடி. காற்று உப்பை வாரி அடிக்கிறது.
கீல் இறுகிவிட்டது, அறுபத்திரண்டில்.
எனக்குக் கொஞ்சம் நெருக்கம். அவளுக்குக் கொஞ்சம் அகலம்.
இருவருக்குமே ஓரத்தில் கறுப்புப் பிறை விழுகிறது.
எண்ணெய் டப்பா
எடைச்சீட்டுக் கட்டுக்குப் பின்னால் இருக்கிறது.
அவளுக்கும் அது தெரியும்.