முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம்

மேசையில் பழைய பேப்பர் விரித்து
இரண்டு செற் கன்ரிலீவர் பிறேக் வைத்திருக்கிறேன்.
ஒன்று கை அகட்டி நிற்கிறது,
சந்தையில் முதலாளாய் வந்து இடம் பிடித்தவர் மாதிரி.
மற்றது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு
பஸ்ஸில் நடுச்சீற்றில் அகப்பட்ட ஆள்.

டிஸ்க் போடேலாது. ஃபிரேமில் அதற்கு இடமில்லை.
கென்ற் நகரத்தில் யாரோ சைக்கிளோகுறொஸ் ஓடிக் கழித்ததை
ஜெகரூபன் பெட்டியில் அடைத்து அனுப்பினான்,
கப்பலில் மூன்று மாதம்.
பெடல் அச்சுக் குழிக்குள் அந்த ஊர் மண் கொஞ்சம்
காய்ந்து கிடந்தது. கறுப்பு.
எங்களுடையது சிவப்பு,
கல்லுண்டாய்ப் பக்கமென்றால் சாம்பலும் உப்பும்.

கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, எட்டுப் பேர்,
வெளியில் ஏழு சுற்று.
வரம்பு வந்தால் இறங்கி, தோளில் தூக்கி, ஓடி,
ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்ப ஏற வேண்டும்.
பரிசு நெல்லி கிறஷ் ஒரு போத்தல்.

அகலக் கைக்குச் சேறு பயமில்லை.
ரயருக்கும் கைக்கும் நடுவே
ஒரு கதலிப்பழம் போகும்.
ஆனால் இறங்கி ஓடும்போது கெண்டைக்காலில் அடிக்கும்.
ஒழுங்கையில் பழகி வந்த நீலத் தழும்பைப் பார்த்து
"மாடு உதைச்சதோ?" என்றாள் கந்தோரில் தேவமலர்.
ஓம் என்றேன்.
ஒடுங்கிய கை காலைத் தொடாது.
இரண்டாம் சுற்றில் களி அப்பினால்
சில்லு சுற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

குருநகரில், வலைக்கடைக்குப் பக்கத்தில், எமில்டாவின் கடை.
ஐந்தாம் நம்பர் சாவியால் தலை சொறிந்தபடி
"நிக்கோணுமோ, குறையோணுமோ?" என்றாள்.
குறைந்தால் போதும்.
"அப்ப ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்?"
ஆருக்கோ ரியூப் ஒட்டப் போய்விட்டாள்.

நிற்பது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
ஒன்பது வயதில் அம்மாவின் கரியரில் இருந்தேன்.
சென்றிக்கு முன்னால் இறங்கி உருட்ட வேண்டும்.
முந்தி இறங்கினால், ஏன் தயங்கினாய் என்பார்கள்.
பிந்தி இறங்கினால் கேள்வியே இருக்காது.
பிறேக் ரப்பர் தேய்ந்து, புதுசு கடைக்கு வராத காலம்.
செருப்பை றோட்டில் தேய்த்துத் தேய்த்து
மண்மூட்டைக்குப் பத்தாவது கதியாலில் நிற்பாள்.
ஒருநாளும் ஒன்பதாவதில் நின்றதில்லை.

அது வேறு விஷயம்.
இந்தக் கம்பியைப் பாருங்கள்:
இரண்டு கையையும் கட்டுகிற குறுக்குக் கம்பி,
நடுவில் அதை மேலே இழுக்கும் கொளுக்கி.
கொளுக்கியைத் தாழ்த்தினால் பிடி கூடும்,
ஆனால் ரயரை நெருங்கும், சேறு அதில் தொங்கும்.
உயர்த்தினால் பிடி நழுவும்.
ஒரு விரலா ஒன்றரையா என்று
பதினொரு மணி வரை ஏற்றி இறக்கினேன்.
கரண்ட் போனது. போன் வெளிச்சத்தில் இன்னும் இரண்டு தரம்.
கத்தாமலிருக்க ரப்பரின் பின்நுனியில்
கோண்டாவில் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்து இறுக்கினேன்.

விடியத்தான் முடிவு வந்தது, அதுவும் அரைகுறையாய்.
முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம்.
கால் தப்பும். முன்சில்லு தப்பும்.
பின்சில்லு அதன்பாடு.

காசு இரண்டு செற்றுக்கும் கட்டியாயிற்று.
மிச்சத்தைத் தர்மினி பாதி விலைக்கு வாங்கி
எதிர்மாறாய்ப் பூட்டினாள்.
அவளுக்குக் கால் நீளம், இறங்குகிற விதமும் வேறு.

ஐந்தாம் சுற்றில்
அவளுடைய முன்சில்லும் என்னுடைய பின்சில்லும்
ஒரே களியில் இறுகி நின்றன.
வரம்பில் பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்து
ஈர்க்கால் கிண்டினோம்.
"உன்ர முன்னுக்கு எப்பிடி?"
"வேலை செய்யுது. உன்ர பின்னுக்கு?"
"அருமை."

எமில்டாவின் தம்பி எங்களைக் கடந்து போனான்,
கரியர் வைத்த லுமாலாவில்,
பிறேக் கத்தக் கத்த.